அம்மா அப்பாவுக்குப் புற்றுநோய் ஆபரேஷன்: கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

என் அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்று, டாக்டர் எங்களோடு அரை மணி நேரத்துக்கும் மேல் பேசினார். வெளியே வந்ததும் தம்பி போனில் கேட்டான்: "முதல்ல ஆபரேஷனா, கீமோவா? என்ன சொன்னார்?" எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கும் நினைவில்லை. அந்த ஒரு சொல் காதில் விழுந்த பிறகு அவர் சொன்ன எதுவும் எங்கள் மண்டையில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஆபரேஷன் நாளைத்தான் நான் மலைபோல நினைத்திருந்தேன். அந்த நாள் டாக்டர்களுடையது, அன்றைக்கு நமக்கு வேலை குறைவு. அதற்கு முந்தைய வாரங்களும், வீட்டுக்கு வந்தபின் இனி என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத மாதங்களும்தான் நம் பொறுப்பு. அந்தக் காலம் முழுக்க ஒன்றை மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: உடம்பு அம்மாவுடையது, முடிவும் அம்மாவுடையது, நான் பக்கத்தில் நின்று கைபிடிக்கிற ஆள்.

எந்த உறுப்பு, எந்த நிலை என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். கீழே வரும் நாட்களும் அளவுகளும் பொதுவானவை. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

படி 1: ஒரு நோட்டு வாங்குங்கள்

போன் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று தோன்றும். இரவு 3 மணிக்கு டூட்டி டாக்டர் "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று கேட்கும்போது, உங்களுக்குப் பதில் அங்கே உட்கார்ந்திருப்பது தம்பியோ தங்கையோ என்றால், உங்கள் போனில் இருப்பது யாருக்கும் பயன்படாது. நோட்டு எப்போதும் நோயாளியின் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

முதல் பக்கத்தில் சாப்பிடும் எல்லா மருந்தும், அளவோடு. பிபி, சுகர் மாத்திரை மட்டுமல்ல. வைட்டமின், நாட்டு மருந்து, எப்போதாவது போடும் வலி மாத்திரை எல்லாம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு என்ன ஆபரேஷன் நடந்தது, அப்போது மயக்க மருந்தால் தொந்தரவு இருந்ததா என்பதும் அங்கேயே வரட்டும்.

அடுத்த பக்கங்களில் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். போவதற்கு முன்பே எழுதி வையுங்கள், அறைக்குள் போனால் மறந்துபோகும். நாங்கள் கேட்டதிலும், கேட்காமல் விட்டு வருந்தியதிலும் முக்கியமானவை இவை. இந்த ஆபரேஷன் நோயை முழுதாக எடுப்பதற்கா, அடைப்பு, வலி போன்ற தொந்தரவைக் குறைப்பதற்கா? எதையெல்லாம் எடுப்பீர்கள்? அதன் பிறகு சாப்பிடுவது, பேசுவது, மலம் சிறுநீர் கழிப்பது இவற்றில் எது மாறும், அது தற்காலிகமா நிரந்தரமா? ஆபரேஷன் செய்யாவிட்டால் வேறு என்ன வழி? இதே ஆபரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். நல்ல சர்ஜன் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பேசுவதைப் பதிவு செய்துகொள்ளலாமா என்றும் முதலிலேயே அனுமதி கேளுங்கள்.

வேறொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பது ஆகாது. ஸ்கேன் சிடி, ரிப்போர்ட் இவற்றோடு, பயாப்சி எடுத்த இடத்தில் சதைத் துண்டின் ஸ்லைடுகளையும் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு) கேட்டு வாங்கிக்கொண்டு போனால், இரண்டாவது இடத்தில் அதை மறுபடி பார்க்க முடியும். சில புற்றுநோய்களுக்குக் கட்டியைச் சுருக்குவதற்காக முதலில் கீமோவோ ரேடியேஷனோ கொடுத்துவிட்டுத்தான் ஆபரேஷன். "ஏன் தள்ளிப்போடுகிறார்கள்?" என்று நாங்கள் பதறியதைப் போல நீங்கள் பதற வேண்டாம். காரணத்தைக் கேட்டால் சொல்வார்கள்.

படி 2: அவரிடம் மறைக்காதீர்கள்

"சும்மா கட்டின்னு சொல்லிடுங்க, பயந்துடுவாங்க" என்று எங்கள் வீட்டிலும் ஆளாளுக்குச் சொன்னார்கள். இரண்டு நாள் நானும் மழுப்பினேன். மூன்றாம் நாள் அம்மா துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நான் வந்ததும் பேச்சை நிறுத்துறீங்களே, என் உடம்பைப் பத்தித்தானே பேசுறீங்க?" அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், எங்களுக்காகத் தெரியாததுபோல் இருந்திருக்கிறார். நாங்கள் அவரை பயத்திலிருந்து காப்பாற்றவில்லை, பயத்தோடு தனியாக விட்டிருந்தோம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவும் வேண்டாம். "ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு முழுசாச் சொல்லட்டுமா, அடுத்து என்ன செய்யணும்னு மட்டும் சொன்னாப் போதுமா?" என்று கேளுங்கள். சிலருக்கு ஒவ்வொரு எண்ணும் தெரிய வேண்டும். சிலர் "அதெல்லாம் நீ பாத்துக்கோ" என்பார்கள். இரண்டும் அவர் எடுக்கும் முடிவுதான். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர், எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போடட்டும்.

கடினமான பேச்சு ஒன்றையும் இந்த வாரங்களிலேயே முடித்துவிடுங்கள். அவரால் பேச முடியாத நிலை வந்தால் அவர் சார்பில் யார் முடிவெடுப்பது, எது அவருக்கு வேண்டவே வேண்டாம் என்று. இதைக் கேட்டால் அபசகுனம் என்று நினைத்துத்தான் நான் தள்ளிப்போட்டேன். கேட்டபோது அம்மாவின் முகத்தில் தெரிந்தது நிம்மதி.

படி 3: ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்

தேதி குறித்தபின் வீட்டில் எல்லாரும் "ஓய்வெடு, ஓய்வெடு" என்பார்கள். உண்மையில் இது உடம்பைத் தயார் செய்கிற காலம். தினமும் முடிந்த அளவு நடை. ஒவ்வொரு வேளை உணவிலும் புரதம், ஏனென்றால் புண் ஆறுவதற்கும் தசை கரையாமல் இருப்பதற்கும் அதுதான் வேண்டும். எடை குறைந்துகொண்டே வந்தால் உணவு ஆலோசகரைப் பார்க்க டாக்டரிடமே கேளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் 4 வாரம் முன்பே நிறுத்தினால்கூட நுரையீரல் தொந்தரவும் புண் ஆறாத தொந்தரவும் குறையும். அதற்கும் குறைவான நாளே இருந்தாலும் நிறுத்துவது நல்லதுதான்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை இப்போதே வாங்கிப் பழக்குங்கள். ஊதுவதில்லை, மெதுவாக உள்ளே இழுப்பது. ஆபரேஷனுக்குப் பிறகு வலியோடு புதிதாகக் கற்பதைவிட இது எவ்வளவோ எளிது.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் (ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்றவை) பற்றி மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சுகர் மாத்திரைகளில் சில வகைகளையும் 3, 4 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது.

படி 4: ஆபரேஷன் நாள்

பொதுவாகத் திட உணவு 6 மணி நேரம் முன்பும், தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் 2 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. ஆஸ்பத்திரி சொல்லும் நேரம் இதைவிட மாறினால் அதைப் பின்பற்றுங்கள்.

ஒவ்வொருவராக வந்து பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த ஆபரேஷன் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலே அப்படித்தான் கேட்கச் சொல்கிறது. கேட்பது நல்லது.

சொன்ன நேரத்தைவிட ஆபரேஷன் நீண்டால் மனம் கண்டபடி ஓடும். மயக்கம் கொடுப்பது, தயார்செய்வது, பிறகு மயக்கம் தெளிவிப்பது எல்லாம் சேர்ந்த நேரம் அது. உறவினர்களுக்குத் தகவல் சொல்ல ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். அது நீங்களாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

படி 5: ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் நாட்கள்

இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் இரவு. மணி 2 இருக்கும். அம்மா விழித்துக்கொண்டு டிரிப்ஸ் குழாயை விரலால் நோண்டிக்கொண்டிருந்தார். "அடுப்பை அணைச்சியா? பால் பொங்குது பாரு" என்றார். சித்தியின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் பயந்துபோய், "அம்மா, இது ஆஸ்பத்திரி, இங்க அடுப்பே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்ல, அவருக்குக் கோபம் ஏறி எழுந்திருக்கப் பார்த்தார். நர்ஸ் வந்து ஒரு சின்ன விளக்கைப் போட்டார். "கண்ணாடி எங்கே? காது மிஷின் எங்கே?" என்று கேட்டார். ஆபரேஷனுக்குப் போகும்முன் கழற்றி நான்தான் பைக்குள் வைத்திருந்தேன். இரண்டு நாளாக அம்மாவுக்கு உலகமே மங்கலாக, சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. கண்ணாடியை மாட்டிவிட்டு, மிஷினைக் காதில் வைத்து, "அணைச்சாச்சும்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். சற்று நேரத்தில் குழாயிலிருந்து விரல் விலகியது.

இதை டெலிரியம் என்பார்கள். வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில நாட்களில் அடிக்கடி வருவது. காலையில் தெளிவாக இருப்பார்கள், இரவில் குழம்புவார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஆனால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கிருமித் தொற்று, ஆக்சிஜன் குறைவு, சிறுநீர் அடைப்பு, ஏதாவது மருந்து என்று காரணம் இருக்கலாம், அதைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். நாம் செய்யக்கூடியது: கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றையும் மயக்கம் தெளிந்ததும் திருப்பிக் கொடுப்பது, கண்ணில் படும்படி கடிகாரம், பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு, தெரிந்த முகம் ஒன்று எப்போதும் பக்கத்தில். வாதாடாதீர்கள்.

வலியைப் பற்றி ஒரு விஷயம். நம் பெற்றோர் "பரவாயில்ல, தாங்கிக்கிறேன்" என்பார்கள். தாங்கக் கூடாது. வலி இருந்தால் ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமமாட்டார், நடக்கமாட்டார். சளி தங்கி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும். "வலிக்குதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "0 முதல் 10 வரைக்கும் எவ்வளவு? இருமினா எவ்வளவு?" என்று கேளுங்கள். நோட்டில் எழுதுங்கள். மூச்சுக் கருவியை விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் 10 தடவை. இருமும்போது வயிற்றுத் தையலின்மேல் தலையணையை வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டால் இழுக்கும் வலி நன்றாகக் குறையும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே, சில சமயம் அன்றைக்கே, எழுப்பி நடக்க வைப்பார்கள். கல்மனசுக்காரர்கள் என்று தோன்றும். 1990-களில் டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலெட் தொடங்கிவைத்த அணுகுமுறை இது. சீக்கிரம் நடப்பதும் சீக்கிரம் வாய்வழி சாப்பிடுவதும் உடம்பை வேகமாகத் தேற்றுகின்றன. படுக்கையிலிருந்து நேராக எழ வேண்டாம். முதலில் ஒரு பக்கமாகத் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். நீங்கள் இழுத்துத் தூக்காதீர்கள், அவர் பிடிக்க உங்கள் கையைக் கொடுங்கள்.

படி 6: டிஸ்சார்ஜும் வீடும்

டிஸ்சார்ஜ் என்றதும் வரும் அவசரத்தில் பாதி விஷயம் விட்டுப்போகும். கிளம்பும்முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பழைய மாத்திரைகளில் எதை மறுபடி தொடங்க வேண்டும், தையலை எப்போது பிரிப்பார்கள், எப்போது குளிக்கலாம், இரவில் பிரச்சினை வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது. டிரெய்ன் (ஆபரேஷன் செய்த இடத்தில் சேரும் நீரை வெளியே ஒரு குடுவைக்கு எடுக்கும் குழாய்), ஸ்டோமா (மலமோ சிறுநீரோ வெளியேற வயிற்றில் அமைக்கும் திறப்பு) மேல் ஒட்டும் பை, ஊசி இவற்றில் எது இருந்தாலும், நர்ஸ் செய்வதைப் பார்த்தால் மட்டும் போதாது. அவர் பார்க்க நீங்கள் ஒருமுறை செய்துகாட்டுங்கள். வயிறு, இடுப்புப் பகுதிப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தக்கட்டு வராமலிருக்க 4 வாரம் வரைகூடத் தோலுக்கடியில் தினம் ஒரு ஊசி போடச் சொல்வதுண்டு. புற்றுநோயே ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும், படுத்தே இருப்பது அதைக் கூட்டும்.

டிரெய்ன் எங்களுக்குக் காலை மாலை வேலையாக இருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குடுவையின் மூடியைத் திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றி, கண்ணுக்கு நேராக வைத்து மில்லி பார்த்து, குடுவையை அமுக்கியபடியே மூடினால் மறுபடி உறிஞ்சும். தேதி, அளவு, நிறம் மூன்றையும் எழுதினோம். முதலில் சிவப்பு, பிறகு ரோஸ், பிறகு வெளிர் மஞ்சள். அளவு இறங்க இறங்க அம்மாவுக்கே ஆர்வம் வந்து, "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்பார். திடீரென்று பளிச் சிவப்பாகவோ, கலங்கலாகவோ, நாற்றத்தோடோ, குடல் ஆபரேஷனென்றால் பச்சை அல்லது பழுப்பாகவோ வந்தால் உடனே போன் செய்யுங்கள்.

வயிற்று ஆபரேஷன் என்றால் சுமார் 6 வாரம் பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், பேரக்குழந்தை இரண்டும் இதில் சேரும். வலுவான வலி மருந்துகள் மலச்சிக்கல் தரும், கூடவே அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். பாராசிட்டமால் கலந்த மாத்திரை இரண்டு வேறு பெயரில் இருக்கலாம். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராம் தாண்டக்கூடாது, மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு.

கீழே உள்ளவற்றை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இவற்றில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்:

- 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம். கீமோ தொடங்கியபின் இது உயிருக்கே ஆபத்தாகலாம்.
- திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி. நேராக அவசரப் பிரிவுக்கு.
- ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் வலி.
- தையல் சிவந்து சூடாவது, சீழ், வாய் பிரிவது.
- நிற்காத வாந்தி, வயிறு உப்புசம், காற்றுகூடப் பிரியாமல் இருப்பது.
- ஸ்டோமா கருத்துப்போவது. ஈரமாக, இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருக்க வேண்டும்.
- சிறுநீர் போக முடியாமல் அவதிப்படுவது, புதிதாகக் குழப்பம்.

படி 7: ரிப்போர்ட் வரும்வரை

"கட்டியை எடுத்தாச்சு, எல்லாம் சரியாயிடுச்சுல்ல?" என்று ஊரெல்லாம் கேட்கும். சர்ஜன் கண்ணால் பார்த்ததைச் சொல்வார். எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்த ரிப்போர்ட் வர ஒன்று இரண்டு வாரம் ஆகலாம், அதுதான் அடுத்த வழியைத் தீர்மானிக்கும். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். டி, என், எம்: கட்டி எவ்வளவு பெரிது அல்லது ஆழம், நிணநீர்க் கணுக்களுக்கு (உடம்பில் கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) போயிருக்கிறதா, தூர உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா. மார்ஜின்: வெட்டிய ஓரத்தில் புற்றுநோய்ச் செல் இருக்கிறதா இல்லையா. கணுக்களின் எண்ணிக்கை: எத்தனை பரிசோதித்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது. பெருங்குடல் புற்றுநோயில் குறைந்தது 12 கணுக்களையாவது பரிசோதிக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல்.

ஆபரேஷனுக்குப் பிறகும் கீமோ வேண்டும் என்றால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பொருளில்லை. கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கக்கூடிய செல்களுக்காக அது. பெரும்பாலும் 4 முதல் 8 வாரத்துக்குள் தொடங்குவார்கள். அதற்குள் உடம்பு தேற வேண்டும் என்பதால்தான் நடை, உணவு என்று இத்தனை வற்புறுத்தல்.

இந்த நாட்களில் இரவில் உட்கார்ந்து "எத்தனை வருடம் வாழ்வார்கள்?" என்று தேடுவீர்கள். நானும் தேடினேன். அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-ல் வயிற்றுப் பகுதியில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அந்த நோயில் நடுமதிப்பு ஆயுள் 8 மாதம் என்று நூல்கள் சொல்லின. நடுமதிப்பு என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டியும் வாழ்கிறார்கள், அதிலும் சிலர் வெகுதூரம் போகிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டார். 20 வருடம் கழித்து, 2002-ல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது, உங்கள் அப்பாவின் பெயர் அதில் எழுதியிருக்கவில்லை. தேடுவதானால் டாக்டரிடம் கேளுங்கள். பெற்றோர் கேட்க விரும்பாவிட்டால், அவர் சம்மதத்தோடு நீங்கள் தனியாகக் கேளுங்கள்.

படி 8: உறுதி இல்லாத மாதங்கள்

தேறுவது நேர்கோட்டில் நடக்காது. திங்கட்கிழமை வாசல்வரை நடந்தவர் வியாழக்கிழமை கட்டிலை விட்டு எழ மாட்டார். களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம், சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். "நேத்தைவிட எப்படி?" என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் முந்தைய பக்கத்தைப் புரட்டி அம்மாவுக்குக் காட்டுவேன். வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

வேலைகளை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். காய் நறுக்குவதோ, கணக்குப் பார்ப்பதோ, உட்கார்ந்து செய்ய முடிந்ததை விட்டுவிடுங்கள். நான் எல்லாவற்றையும் செய்தபோது அம்மா சுருங்கிப்போனதைப் பார்த்தேன். பூட்டிய முகம், எதிலும் நாட்டமின்மை, தூக்கமின்மை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. "தைரியமா இரு" என்று சொல்வதைவிட "எதை நினைச்சு பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

பரிசோதனைக்கு வரச்சொல்லும் இடைவெளி நோயைப் பொறுத்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு முதல் 2 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 5 வருடம்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, சிஈஏ ரத்தப் பரிசோதனையோடு (நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க உதவுவது) என்பது வழக்கம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய வாரம் வீட்டில் சண்டை வரும். காரணம் ரிசல்ட்டைப் பற்றிய பயம் என்று எங்களுக்கு மூன்றாவது தடவைதான் புரிந்தது. இப்போது ஸ்கேன் எடுக்கும்போதே ரிசல்ட் வாங்கும் நாளையும் குறித்துவிடுகிறோம், இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

நோய் திரும்பி வந்தாலும், முதலிலேயே பரவியிருந்தாலும், வலி போன்ற தொந்தரவுகளைக் குறைத்து நோயாளியை நன்றாக வாழவைக்கும் பாலியேட்டிவ் சிகிச்சைக் குழுவைச் சீக்கிரம் பாருங்கள். "கைவிட்டாச்சு" என்று அர்த்தமில்லை, மற்ற சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கும். பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரம்பத்திலேயே இந்தக் கவனிப்புக் கிடைத்தவர்கள் மனச்சோர்வு குறைந்து நன்றாக வாழ்ந்தார்கள், சராசரியாகக் கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள்.

படி 9: நீங்கள்

இதைக் கடைசியில் எழுதினாலும் முதல் வாரத்திலேயே செய்யுங்கள். இரவு முறையைப் பங்கு பிரியுங்கள். தூரத்தில் இருக்கும் உடன்பிறப்பு காப்பீட்டுத் தாள்கள், மருந்து ஆர்டர், உறவினர் போன்கள் இவற்றை முழுப்பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பவர்களுக்கு ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்: "வியாழக்கிழமை மதியம் 2 மணி நேரம் அம்மாகூட இருக்க முடியுமா?" உங்கள் சொந்த மாத்திரை, சொந்தத் தூக்கம் இரண்டையும் விடாதீர்கள். தூங்காத ஆள் கையில் ஊசியும் மருந்துப் பட்டியலும் இருப்பது ஆபத்து.

அடுத்த வாரம் எங்களுக்கு ஸ்கேன். நோட்டு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கேள்விப் பக்கத்தை இந்தத் தடவை அம்மாவே எழுதி வைத்திருக்கிறார், கோணல்மாணலான கையெழுத்தில். முதல் கேள்வி ரத்தப் பரிசோதனை பற்றியது. இரண்டாவது: "நான் தனியாக ரயிலில் போகலாமா?"